குரல் சேர்க்காத முகம்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு கிராபிக்ஸ் ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். இறந்துபோன நகைச்சுவை நடிகர் ஒருவரைப் புதுப்படத்தின் ஒரு காட்சிக்காகக் கம்ப்யூட்டரில் உருவாக்கியிருந்தோம். சம்மதம் கேட்க, வலியசாலை அக்ரகாரத்திலிருந்து அவர் மனைவியை அழைத்து வந்தார்கள்.

ஒல்லியான மாமி. மூக்குக்கண்ணாடியை அடிக்கடி கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். திரையில் கணவர் சிரித்ததும் அந்தக் கை அப்படியே நின்றது.

“இவரை இந்தப் பக்கம் திரும்பச் சொல்ல முடியுமா, அம்பி?”

திருப்பினேன். நடிகர் நேராகப் பார்த்தார். மாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“நன்னா இருக்கு, கேட்டியா. ஆனா படத்துல வேண்டாம்.”

“ஒரே ஒரு சீன்தானே, மாமி?”

“ஒரே ஒரு சீன்னு சொல்லித்தான் தீபாவளிக்குக்கூட அவரை ஆத்துக்கு விடமாட்டா. இப்பவாவது சும்மா இருக்கட்டும்.”

கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன்.

“அணைக்காதே. கொஞ்ச நேரம் இவரோட இருந்துட்டு வரேன்.”

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே மாமி மெல்லப் பேசுவது கேட்டது. சற்றுப் பொறுத்து, வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த முகத்துக்கு நாங்கள் இன்னும் குரல் சேர்த்திருக்கவில்லை. எதைக் கேட்டு மாமி அப்படிச் சிரித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.