நாற்பத்தோராம் நாள் உடுப்பிட்டிக்கு

பிற்பகல் 1.10. யாழ்ப்பாணம் பஸ் நிலையம். உடுப்பிட்டிக்கு ரிக்கற் நூற்று முப்பது ரூபாய். தூரம் இருபத்தாறு கிலோமீற்றர். நான் நில அளவையாளன். தூரத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இன்னோர் அளவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் குடியை விட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள். முதல் பத்து நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருந்தோடு போயின. மிச்சம் வீட்டில், மனைவியின் கண் பார்வையில். தனியாக வெளிக்கிடும் முதல் பயணம் இது.

நேரம் குறித்துக்கொண்டு போவதற்குக் காரணம் உண்டு. "குடி நிண்டாலும் நரம்பு அடங்க மாசக்கணக்கு எடுக்கும். சும்மா இருக்கேக்கையே பயம் வரும், கை நடுங்கும், நித்திரை வராது. வந்த நேரத்தையும் எழுதுங்கோ, போன நேரத்தையும் எழுதுங்கோ" என்று வைத்தியர் சின்னக் கொப்பி ஒன்றைத் தந்திருந்தார். அது என் சட்டைப் பையில் இருந்தது. இதுவரை வந்த பதற்றங்களில் நீண்டது இருபத்திரண்டு நிமிடம், குறுகியது ஆறு. ஒவ்வொரு முறையும் இதோடு சரி, செத்தேன் என்றுதான் தோன்றும். ஒருமுறையும் சாகவில்லை என்பதற்குக் கொப்பி சாட்சி. இப்போது எனக்கு இதில் ஓர் ஆர்வம் பிடித்துவிட்டது. அடுத்தது எத்தனை நிமிடம் நிற்கும் என்று பார்க்க ஆசையாகக்கூட இருக்கிறது.

போகும் காரியம் என் நண்பன் சிவபாலனின் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் வாழையிலையில் படைப்பது எங்கள் வழக்கம். மீன், இறைச்சி, சுருட்டு, குடிக்கிறவராக இருந்தால் சாராயமும். சிவம் என்னோடு இருபது வருடம் குடித்தவன். ஈரல் பழுதாகிச் செத்துப்போனான். அங்கே போத்தல் இருக்கும் என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். "குடிச்சிட்டு வந்தால் உள்ளை விடமாட்டன்" என்று வாசல் படலையடியில் சொல்லித்தான் அனுப்பினாள். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை.

1.50. கோப்பாய் தாண்டி நீர்வேலி. செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் இரண்டு பக்கமும் ஓடின. இந்த வீதியில் எந்த ஒழுங்கைக்குள் தவறணை இருக்கிறது, அங்கே எந்த நேரம் கள்ளு வந்திறங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நீர்வேலியில் இவ்வளவு வாழை நிற்பதை இன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தேன்.

2.05. புத்தூர்ச் சந்தி. சிவத்தின் மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. உடனே நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வேர்த்து, முன் இருக்கைக் கம்பியைப் பிடித்த கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர் டவுனில் இருந்து சீலைப் பொட்டணத்தோடு ஊர் ஊராகப் போகும் முஸ்லிம் வியாபாரி. என் கையைப் பார்த்தார்.

"என்ன தம்பி, சீனி வருத்தமோ?"

"ஓம்" என்றேன்.

"எனக்கும் இருக்கு. இறங்கினால் இப்பிடித்தான் நடுங்கும். இந்தாங்கோ" என்று ஒரு தோடம்பழ இனிப்பைத் தந்தார்.

எங்கள் ஊரில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கு ஒரு மரியாதை இருக்கிறது; குடிநடுக்கத்துக்கு இல்லை. பொய் சொல்லிப் பெற்ற இனிப்பு நன்றாகத்தான் இருந்தது. குடியை விட்டதிலிருந்து எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி இனிப்பு ஆசை.

2.19. வல்லை வெளி. மரமோ வீடோ இல்லை; உப்புக் காற்று பஸ்ஸை உலுப்பியது. முனியப்பர் கோயிலடியில் பஸ் வேகம் குறைய, வியாபாரியைத் தவிர எல்லாரும் கும்பிட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நெஞ்சு அடங்கியிருந்தது. பதினான்கு நிமிடம்.

2.40. உடுப்பிட்டி. சந்தியிலிருந்து சிவத்தின் வீடு என் காலடிக் கணக்கில் நானூற்று இருபது மீற்றர். முற்றத்தில் தறப்பாள் கட்டியிருந்தது. சிவத்தின் மனைவி ரஞ்சி, "வாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். சிவத்தின் தம்பி குகன் பிளேன்ரீ தந்தான். பின்னேரம் வரைக்கும் கதிரைகள் அடுக்கவும் இலை துடைக்கவும் உதவி செய்தேன். கைக்கு வேலை இருந்தால் நடுக்கம் குறைகிறது என்பது அன்றைக்குக் கண்டுபிடித்தது.

5.30. இலை போட்டுப் படைத்தார்கள். மீன் குழம்பு, ஆட்டிறைச்சி, சுருட்டு, நடுவில் ஒரு போத்தல் சாராயம். ரஞ்சி கிளாசைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"அண்ணை, நீங்களே ஊத்துங்கோ. அவருக்கு என்ன அளவெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

தெரியும்தான். இரண்டு விரல் சாராயம், ஒரு விரல் சோடா. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திருகினேன். மணம் மூக்கில் ஏறியதும் வாய் ஊறியது. கண் கரித்து, இலையில் கொஞ்சம் சிந்தியது. நான் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதி உண்மை.

படையல் முடிந்ததும் குகன் இன்னொரு கிளாசை நிரப்பி நீட்டினான். "அண்ணை, நீங்கள்தான் முதலிலை எடுக்கவேணும். அண்ணாவின்ரை ஆத்துமா சந்தோசப்படும்."

"வயிறு சரியில்லையடாப்பா. மருந்து எடுக்கிறன்."

யாரும் வற்புறுத்தவில்லை. இவ்வளவு சுகமாகத் தப்பிவிட்டேனே என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை வேறு.

6.25. வடை, மோதகம் என்று ஒரு பை கட்டி என் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சந்திக்கு வந்து மதகுக் கட்டையில் இருந்தபோதுதான் பலகாரத்துக்கு இவ்வளவு பாரம் வராதே என்று பைக்குள் பார்த்தேன். பத்திரிகைத்தாளில் சுற்றிய போத்தல். முக்கால்வாசி அப்படியே இருந்தது. அந்நேரம் குகன் சைக்கிளில் என்னைக் கடக்கும்போது, "வயிறு சுகமானாப் பிறகு எடுங்கோ அண்ணை!" என்று சிரித்துக்கொண்டு போனான்.

6.31. தொடங்கியது. காது அடைத்தது. சந்தியில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. எறிந்துவிடலாம்; ஆனால் எறிவதற்கு அதைக் கையில் எடுக்கவேண்டும். எடுத்தால் மூடியைத் திருகமாட்டேன் என்று சொல்ல எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை. ஆள் இருக்கிற இடத்துக்குப் போவதுதான் புத்தி. நானூற்று இருபது மீற்றரையும் திரும்ப நடந்தேன். பஸ் என்னைக் கடந்து போனது.

ரஞ்சி முற்றத்தில் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பையை அவள் முன்னால் வைத்தேன்.

"ரஞ்சி, எனக்கு வயிறு ஒண்டும் இல்லை. நான் குடியை விட்டிட்டன்."

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எத்தினை நாள் அண்ணை?"

"நாப்பத்தொண்டு."

"இவரும் ஒருக்கா பத்தொன்பது நாள் இருந்தவர்."

எனக்கு அது தெரியாது.

"உங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டவர். நீங்கள் போத்தலோடை வந்த அண்டைக்கு, வயித்துப்புண் எண்டுதான் சொன்னவர். 'சுகமானாப் பிறகு எடடாப்பா' எண்டு நீங்கள் அதை அலுமாரிக்கு மேலை வைச்சிட்டுப் போனியள். மூண்டு நாள் அதைப் பாத்துக்கொண்டே இருந்தவர். நாலாம் நாள் எடுத்திட்டார்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. போகும் வழியில் என் தாராள குணத்தை நானே மெச்சிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரஞ்சி போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாழைப் பாத்தியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து பலகாரப் பையை மறுபடி என் கையில் தந்தாள்.

"இனி ஆரும் கேட்டால் வயிறு எண்டு சொல்லாதையுங்கோ அண்ணை."

7.10. கடைசி பஸ். கை நடுக்கம் இன்னும் விடவில்லை. பக்கத்து இருக்கையில் நெற்றியில் திருநீறோடு இருந்த இளைஞர் கவனித்துவிட்டார். "ஏன் ஐயா நடுங்கிறியள்? காய்ச்சலோ?"

ஓம் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது.

"இல்லைத் தம்பி. குடியை விட்டு நாப்பத்தொரு நாள். இடைக்கிடை இப்பிடி நடுங்கும்."

அவர் எழுந்து யன்னல் பக்கத்தை எனக்கு விட்டார். "காத்துப் படட்டும், இதிலை இருங்கோ."

வல்லை வெளியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. காற்று மட்டும் அடித்தது. வெளி முடிவதற்குள் கை அடங்கியது. கொப்பியைத் திறந்து, ஐம்பத்தொரு நிமிடம் என்று எழுதினேன். இதுவரையில் இதுதான் நீண்டது. அதற்குக் கீழே, சிவம் பத்தொன்பது நாள் என்றும் எழுதினேன்.