பளபளப்பை அழித்த கை

செவ்வாய்க்கிழமை காலை, நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஆம்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. கலீல் பாயின் மகள் நசீமா பேசினாள். "ஆன்ட்டி, அப்பா போய்ட்டாரு" என்றாள். மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று அவள் அண்ணன் போனை வாங்கிச் சொன்னான். வேலூரிலிருந்து உடனே கிளம்பினேன்.

உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மாள் என்னை யார் என்று கேட்டார். "அவர் எங்க வீட்டுத் தரைக்கு பாலிஷ் போட்டவர்" என்றேன். உண்மைதான். ஆனால் சொன்ன உடனே, போதாத பதிலைச் சொல்லிவிட்டோம் என்று உறுத்தியது. அவரை அறிந்த உங்களுக்காக மீதியை இங்கே எழுதுகிறேன்.

தோல் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரை ஸ்ப்ரே பிரிவில் தெரியும். தோலின் மேல் கடைசிப் பூச்சை அடிப்பது அவர் கை. அங்கே மேலாளர் என் கணவர்; தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிகளிலிருந்து ஸ்ப்ரே அறைவரை தினமும் ரவுண்ட்ஸ் போவார். அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகு கலீல் பாய் மர பாலிஷ் வேலைக்கு மாறினார். என் கணவர் அதைப் பற்றி வருத்தப்பட்டபோது பாய் சிரித்தாராம். "மாட்டுக்கு ஒரு தோலு, மரத்துக்கு ஒரு தோலு சார். ரெண்டுக்கும் கடைசிக் கோட்டிங் நம்மளுதுதான்."

பிறகு என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தளர்ந்தன. பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. நடக்க வைத்துவிடலாம் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். கல் தரை குளிர்கிறது, விழுந்தால் அடியும் அதிகம் என்று என் மகன் வற்புறுத்தியதால், படுக்கையறைக்கு மட்டும் தேக்குப் பலகைத் தரை போட்டோம். பலகைகள் பழைய வீடு ஒன்றின் உத்திரங்களிலிருந்து அறுத்தவை. மேலே என்ன பூசுவது என்பதுதான் பாக்கி. அதற்குக் கலீல் பாயை அழைத்தேன்.

மூன்று பலகைத் துண்டுகளில் மூன்று விதமாகப் பூசிக் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்றிக் காட்டினார். சாவியால் கீறிக் காட்டினார். தோலைச் சோதிப்பதுபோலவே ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, துணியில் நிறம் ஏறுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். வார்னிஷை அவரே ஒதுக்கிவிட்டார். மற்ற இரண்டையும், பி.யு. என்கிற பாலியூரித்தேன் பூச்சையும் எண்ணெய் பூச்சையும், என் முன்னால் வைத்தார்.

"பி.யு. அடிச்சா கண்ணாடி மாதிரி நிக்கும் மேடம். ரொம்ப வருஷத்துக்கு கையே வெக்க வேணாம். ஆனா கீறல் வுழுந்தா அந்த எடத்த மட்டும் சரி பண்ண முடியாது, முழுசா தேய்க்கணும். எண்ணெய் மங்கலாத்தான் இருக்கும். வருஷா வருஷம் போடணும். ஆனா எங்க தேஞ்சிதோ அங்க மட்டும் போட்டுக்கலாம். வழுக்கறதும் கம்மி. சாருக்கு எண்ணெய்தான் நல்லது."

நான் கான்வென்ட்டில் வளர்ந்தவள். தலையில் கட்டிய ரிப்பனின் நிறம் தரையில் தெரியும்வரை எங்களைத் தேய்க்க விட்ட சிஸ்டர்களிடம் படித்தவள். மங்கலான தரை என்றால் வேலையை முடிக்காமல் எழுந்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு அர்த்தம். பி.யு. என்று சொல்லிவிட்டேன்.

"நடக்கப் போறது சாராச்சே மேடம்?"

"தினமும் பார்க்கப் போறது நான்."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். நான் கேட்டதைக் குறையில்லாமல் செய்தார். சன்னல்களை மூடி, வாசல்படியில் ஈரச் சாக்கைப் போட்டு, ஒரு தூசி விழாமல், ஒரு குமிழ் எழாமல் அடித்தார். முடித்ததும் வாசலில் நின்று அவரே சிறிது நேரம் பார்த்தார். "இந்த மாதிரி ஒண்ணு நான் அடிச்சதே இல்ல மேடம்" என்றார். சன்னல் கம்பிகள் தரையில் தலைகீழாக நின்றன.

என் கணவர் அதற்குள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் கல் தரையில் நடக்கத் தொடங்கியிருந்தார். படுக்கையறை வாசல்வரை வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் ஆயிற்று. பயிற்சி கொடுக்க வந்த பெண், "நம்பிக்கை போயிடுச்சு, இப்படியே விட்டா சேர்லயே உக்காந்துடுவார்" என்றாள். நான் பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வெளியே வரும். "இன்னும் எத்தனை நாள் இப்படிக் குழந்தை மாதிரி நிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்து "ஈ... ஈ..." என்றார். இல்லை என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூச்சு எப்படி இறுகியிருக்கிறது என்று பார்க்கக் கலீல் பாய் வந்தார். நான் புலம்பியதைக் கேட்டுக்கொண்டே வாசலோரம் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் இத்தனை நாளாக என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கலீல் பாய், வாசலில் நின்றவரின் பாதத்தைப் பார்த்தார். விரல்கள் மடங்கிக் கல்லை இறுகப் பிடித்திருந்தன.

"இன்னா சார், சுண்ணாம்புத் தொட்டி பக்கமா?" என்று கேட்டார்.

என் கணவர் ஆமென்று வேகமாகத் தலையாட்டினார். கண்கள் நிறைந்துவிட்டன.

"மேடம், நம்பிக்கையெல்லாம் எங்கயும் போகல. சார் ஈரம்னு நெனைக்கிறாரு. கம்பெனியில தரை பளபளன்னு இருந்தா அது தண்ணி. பாக்காம கால வெச்சவன் வுழுந்தான். முப்பது வருஷமா அந்தக் காலு அப்படித்தான் பழகியிருக்கு."

நான் குனிந்து தரையைத் தடவி, காய்ந்த உள்ளங்கையைக் கணவரிடம் காட்டினேன்.

"கைக்குப் புரியும் மேடம். காலுக்கு யாரு சொல்றது?"

"ஈரம்" என்றார் என் கணவர். பல வாரங்களுக்குப் பிறகு முழுதாக வந்த சொல் அது.

"நான் சொன்னது தப்பு பாய்" என்றேன். என் பிள்ளைகள் இந்த வாக்கியத்தை என் வாயால் கேட்டதில்லை. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. "தப்பு இன்னா மேடம்? ஷோக்காத்தானே இருந்துச்சு" என்றார். மறுநாள் இயந்திரத்தோடு வந்து, தன் வாழ்நாளின் சிறந்த வேலை என்று சொன்னதைத் தானே தேய்த்து எடுத்தார். நான்கு நாட்கள் ஆயின. மூலைகளை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தார். ஒரு பெருமூச்சு விட்டதைக்கூட நான் பார்க்கவில்லை. பிறகு எண்ணெய் பூசினார். பூசியதைவிடத் துடைத்த நேரம் அதிகம். "போடறது கம்மி வேலை மேடம், தொடைக்கிறதுதான் ஜாஸ்தி. பலகை குடிச்சது போக மிச்சம் மேல நின்னா அதுவும் வழுக்கும்."

எண்ணெய் காய்ந்தபின் ஒரு காலையில் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அறையைக் கடந்து சன்னலருகே போய் நின்றுகொண்டார். கை நீட்டவில்லை. "வாங்க சார், ரவுண்ட்ஸ் வாங்க. நான் டீ குடிக்கப் போற நேரமா பாத்து ஸ்ப்ரே ரூமுக்கு வருவீங்களே, அந்த மாதிரி வாங்க" என்றார். என் கணவர் வாய் கோணச் சிரித்தார். இடது காலைப் பலகையில் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. வலது காலும் வந்தது. சன்னல்வரை போய், கலீல் பாயின் தோளில் தட்டி, "புடிச்சிட்டேன்" என்பதுபோல ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன்.

அதன்பிறகு ஆறு ஆண்டுகள், தன் கடைசி வாரம்வரை, என் கணவர் அந்தத் தரையில் தன் காலால் நடந்தார். ஒருமுறைகூட விழவில்லை.

கலீல் பாய் எனக்கு விட்டுப்போனது அந்தத் தரை. அதில் யார் முகமும் தெரியாது. ஆண்டுதோறும் அவர் வந்து எண்ணெய் பூசினார். இனி நான் ஆள் வைத்துப் பூசுவேன், துடைப்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகள் வந்திருந்தாள். வாசலில் நின்றபடி, "இன்னா அத்தை, தேக்குத் தரையாச்சே, பாலிஷ் போடாம விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு. ஆம்பூர் கலீல் பாய் போட்டது. செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாரு" என்றேன்.