எமீலியா அம்மாளும் எங்கள் ரூபவதி டீச்சரும்

ரூபவதி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி மன்னார்குடியில் நான் நடத்தும் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் முதலில் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மகள் பேசினாள். பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்ட நம் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு நான்தான் சொன்னேன். ஒவ்வொருவனும் அழுது முடித்துவிட்டு, "அண்ணே, அந்த ஜெர்மன் பாட்டைப் பாடுவீங்கல்ல?" என்று கேட்டான்.

நம் லுத்தரன் கோயிலில் டீச்சர் வாசித்தது வெள்ளைக்காரப் பாதிரிமார் விட்டுப்போன பியானோ. அறுவடை முடிந்தால் வயல் எலிகள் அதற்குள் குடிவந்துவிடும். டீச்சர் மூடியில் இரண்டு தட்டுத் தட்டி, "இறங்குங்கடா, ஆராதனைக்கு நேரமாச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் உட்காருவார்.

சொந்தமாக மெட்டும் போடுவார். ஒருமுறை கோயில் கமிட்டியில் அதை வாசித்துக்காட்டப் போனார். செயலாளர் வாசிக்கவே விடவில்லை. "நம்ம டீச்சர் போட்டதுதானே, கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வச்சுக்குவோம்" என்றார். டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குச் செயலாளர் மேல் இன்றுவரை கோபம்தான்.

சில வாரம் கழித்து டீச்சர் வேறொரு தாளோடு வந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் எமீலியா என்ற பியானோக்காரி போட்ட மெட்டாம். வாசித்து முடித்ததும் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன இருந்தாலும் வெள்ளைக்காரங்க வெள்ளைக்காரங்கதான்" என்றார்.

அன்றிலிருந்து ஒத்திகைதோறும் எமீலியாவின் சரித்திரம் வளர்ந்தது. எட்டுப் பிள்ளைகளாம். பால் பொங்குவதற்குள் ஓர் அடி எழுதிவிடுவாராம். அச்சில் வந்ததெல்லாம் புருஷன் பெயரிலாம். அந்தப் புருஷன் ஒருநாள் வயலுக்கு முறைவைத்து விடும் முறைத்தண்ணீர் சண்டைக்குப் போய்விட்டதாக டீச்சர் சொன்னபோது எனக்கு இடித்தது.

"ஜெர்மனியிலயும் முறைத்தண்ணியா டீச்சர்?"

"ஆறு இருந்தா சண்டை இருக்காதா? நீங்க பாடுங்க."

பிறகு, நம் பாடகர் குழுவிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு ஜெர்மனி போன சாமுவேல் என் பூத்துக்கே போன் போட்டு டீச்சரைக் கூப்பிட்டான். அங்கே கோயில் கோயிலாக விசாரித்தும் எமீலியாவை ஒருவருக்கும் தெரியவில்லையாம். டீச்சர் அசரவில்லை. "இருக்கும்போதே யாரும் கண்டுக்கலப்பா. இப்ப எப்படித் தெரியும்?" என்று போனை வைத்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்க பேரையே போட்டுடலாமே டீச்சர்?"

"போட்டா பாட்டை நிறுத்திடுவாங்க. இப்போதைக்கு எமீலியா பேர்லயே பாடிக்கிட்டு இருங்க. நான் போனப்புறம் நீங்களே சொல்லிடுங்க. அப்ப என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

அடக்க ஆராதனையில் கோயிலே அழுதுகொண்டு அந்தப் பாட்டைப் பாடியது. முடிந்ததும் நான் எழுந்து, எமீலியா என்று ஒருவரும் இல்லை, மெட்டு டீச்சருடையது என்று சொன்னேன். பக்கத்திலிருந்த செயலாளர் என் காதோரம் குனிந்தார்.

"அப்படியா? அதானே பார்த்தேன். மூணாவது அடி கொஞ்சம் இழுக்குது."

சவப்பெட்டிக்கு எதிரில் நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தேம்புகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கும்போது அழுகையும் வந்தது உண்மை.

பாட்டுத்தாளில் அவர் பெயரை நானே எழுதிவிட்டேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூன்றாவது அடி. வருகிற ஞாயிறு, செயலாளருக்கு நேர் எதிரே நின்று, அதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடப்போகிறேன்.