தெரியும் என்றொரு கையெழுத்து

பதினெட்டு வருடமாக ஆலையின் ஆங்கிலப் படிவங்களைத் தமிழில் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. 'வெட்டும் இயந்திரத்துக்குப் பாதுகாப்பு மூடி இல்லை என்பது எனக்குத் தெரியும்' என்று தொழிலாளிகளிடம் கையெழுத்து வாங்கும் படிவமும் அவள் எழுதியதே.

நேற்று அந்த இயந்திரத்தில் ஒருவருக்கு விரல் போனது. மேலாளர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியும்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. நம்ம மேல என்ன தப்பு?"

அவள் ஆங்கில மூலப் படிவத்தை எடுத்து, 'aware' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"சார், இந்த 'அவேர்'ங்கிறதுக்குச் சும்மா தெரியும்னு மட்டும் அர்த்தமில்ல. அகராதியில பாத்தேன். பழைய ஆங்கிலத்துல அது விழிப்பா, உஷாரா இருக்கறது. அப்படி இருக்க வேண்டியது நாமதானே?"

மேலாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. 'நானே விழிப்பா இருந்துக்கறேன்'னு படிவத்துல மாத்திடுங்க."

அவள் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தாள். திரும்பி வந்து, அதையும் தட்டச்சு செய்தாள்.