மாமனார் பெயரில் ஒரு லைசென்ஸ்

எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால், குளிர்காலக் கோட்டுகள் மாட்டும் கொக்கியில், பழைய வீட்டிலும் இங்கேயுமாக ஏழு வருடம் ஒரு பிளாஸ்டிக் உறை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுதான். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு ஊக்கு, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. உள்ளே நான்காக மடித்த காகிதம் ஒன்று. நியூ ஜெர்சி மாநிலத்தில் மீன் பிடிக்க என் மாமனாருக்கு அனுமதி உண்டு என்று சொல்லும் காகிதம். அது காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை, சேறு பட்டதில்லை, மீன் வாடை அறவே கிடையாது. ஜெர்சி சிட்டி அபார்ட்மெண்டிலிருந்து இந்த வீட்டுக்கு மாறியபோது வேண்டாத சாமான்களையெல்லாம் தூக்கிப் போட்ட நான், இதை மட்டும் என் கையாலேயே எடுத்து வந்து மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, மாமனார் மேல் இவ்வளவு பிரியமா என்று கேட்பார்கள். என் மனைவிக்கும் அதில் பெருமை. நான் சிரித்து வைப்பேன். பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உறை அங்கே தொங்கியது பிரியத்தால் அல்ல.

மாமனார் கரூர்ப் பக்கம். தாலுகா ஆபீஸில் ரேஷன் கார்டுப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். போலிக் கார்டு பிடிப்பதில் பேர் போனவர். செத்துப்போனவர் பெயரில் சர்க்கரை வாங்குகிறவர்கள், ஊரில் இல்லாத மகனைக் கார்டில் ஏற்றி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவர் சைக்கிள் மணி கேட்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்களாம். கல்யாணமான புதிதில், நான் ஏதோ பத்திரத்தில் தேதியை மாற்றிப் போட்டுவிட்டு, பரவாயில்லை என்று சொன்னபோது, அவர் அந்தத் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளி வைத்தார். அவ்வளவுதான் அவர் கோபம். அன்றிலிருந்து எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம். பயம் இருக்கிற இடத்தில் லேசான எரிச்சலும் இருக்கும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன், மார்ச் மாதத்தில், ஆறு மாத விசாவில், தனியாக வந்தார். மாமியார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட, மகள் பள்ளிக்கூடம் போய்விட, அவர் ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டு பார்க்கிங்கில் நிற்கும் கார்களை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், பக்கத்துப் பூங்காவில் ஒரு ஏரி இருப்பதையும் அதன் கரையில் ஆட்கள் தூண்டில் போடுவதையும் கண்டுபிடித்தார். அன்று சாயங்காலம் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சின்ன வயதில் அமராவதி ஆற்றில் பிடித்த கெண்டையைப் பற்றி மகளிடம் கையை அகல விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு தூண்டில் இருந்தது. ஆபீஸ் நண்பர்களோடு ஒரே ஒருமுறை போவதற்காக வாங்கியது. அந்த வருடத்துக்கு லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தேன், போகத்தான் இல்லை.

தூண்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு பர்மிட்டு ஏதாச்சும் எடுக்கோணுமுங்களா மாப்பிள்ளை?" என்பதுதான்.

எடுக்கத்தான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தனிப் படிவம். பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பினால் பத்து நிமிட வேலை. எனக்கு அன்று சோம்பல். மறுநாள் அதைவிடச் சோம்பல். அவர் மூன்றாம் முறை கேட்டபோது, பிளாஸ்டிக் உறையில் என் லைசென்ஸை வைத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, "இங்க குடும்பத்துக்கு ஒண்ணு போதுங்க மாமா. நம்ம ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத் தலைவர் பேர்ல இருக்கும், யார் வேணா கொண்டு போலாம்" என்றேன். அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேனாம். கெட்டிக்காரன் என்று என்னை நானே தட்டிக்கொண்டேன். அவர் காகிதத்தை எடுத்து என் பெயரை வாசித்துப் பார்த்தார். "அப்ப நீங்கதான் குடும்பத் தலைவர்" என்று சிரித்தார். ஆயிரம் பொய்க் கார்டுகளைப் பிடித்த மனிதர், மாப்பிள்ளை சொன்னதை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். பக்கத்தில் ஒன்பது வயது மகள், ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் அவரைப் பற்றிக் கவலை இல்லை. காலையில் ஸ்வெட்டர், அதன் மேல் என் பழைய ஜாக்கெட், அதன் மேல் நெஞ்சுக்கு நேராக அந்த உறை. ஆபீஸ் போகிற மாதிரியேதான் கிளம்புவார். சப்பாத்தி மாவில் பெருங்காயமும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, டப்பாவில் எடுத்துப் போவார். கரையில் நிற்கிற மற்றவர்கள் கடையில் வாங்கிய, மினுமினுக்கிற இரையைப் போட்டுக்கொண்டு டிரவுட்டுக்குக் காத்திருப்பார்கள். வசந்தம் வந்ததும் அரசாங்கமே லாரியில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டும். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகலாம். கெண்டையை அங்கே ஒருவரும் மதிப்பதில்லை. மாமனார் கெண்டைக்காகவே உட்கார்ந்திருந்தார். "அது புத்தியுள்ள மீனுங்க. இரையைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வாயில வெக்கும்" என்பார். பெருங்காய வாடைக்கு முகம் சுளித்த பக்கத்துக்காரர் ஒருவர் இரண்டாம் வாரம் அவரிடமே ஒரு உருண்டை கேட்டு வாங்கினார் என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை கரை முழுக்கக் கூட்டம். மனைவிக்கு அன்றும் வேலை. நானும் மகளும் போயிருந்தோம். குளிர் தாங்காமல் நான் காருக்குள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் தாத்தாவோடு தண்ணீர் ஓரத்தில் நின்றாள். எல்லாரும் கையளவு டிரவுட்டாக இழுத்துக்கொண்டிருந்தபோது, மாமனாரின் தூண்டில் ஒரேயடியாக வளைந்தது. கால்மணி நேரம் இழுத்தார். பக்கத்துக்காரர் வலையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். மேலே வந்தது பொன்னிறக் கெண்டை, மகளின் கை நீளத்துக்கு மேல். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் கேட்டுத்தான் ஒரு அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். மீன்வளத்தைக் காக்கும் பணியில் இருப்பவர், சீருடை போட்ட இளைஞர். வாழ்த்தித் தோளில் தட்டினார். பிறகு சாதாரணமாக, லைசென்ஸைப் பார்க்கலாமா என்றார். மாமனார் ஈரக் கையை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் உறையை உயர்த்திக் காட்டினார். அதை நான் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாகக் காட்டினார்.

பிறந்த வருடத்தைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அறுபத்தாறு வயதுக்காரர் கழுத்தில் முப்பத்தெட்டு வயதுக்காரனின் காகிதம். இது நீங்களா என்று கேட்டார். "நோ சார். மை சன்-இன்-லா. ஃபேமிலி கார்டு" என்று மாமனார் என் காரைச் சுட்டிக் காட்டினார். நான் இறங்கிப் போனேன். முப்பது நாற்பது அடி தூரம்தான் இருக்கும். அந்த முப்பது அடிக்குள் என் மண்டையில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: இன்னும் பதினெட்டு நாளில் கிரீன் கார்டு இன்டர்வியூ. பத்து வருடமாகக் காத்திருந்தது. வக்கீல் சொல்லியிருந்தார், டிராஃபிக் டிக்கெட் கூட வாங்காமல் இருங்கள் என்று. லைசென்ஸை இன்னொருவருக்குக் கொடுப்பதும் குற்றம் என்பது எனக்குத் தெரியும்.

நீங்கள்தான் இதை இவரிடம் கொடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

இல்லை என்றேன். இவர் எடுத்து வந்தது எனக்குத் தெரியாது என்றேன். ஒரு தடுமாற்றமும் இல்லாத நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

மாமனாருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் என்னைப் பிடித்து ஆட்டியிருக்காது. ஒரு கார்டைக் கையில் வாங்கி, இது போலி என்று புரிந்துகொண்ட நிமிடத்தில் அவர் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படி, நிதானமாக, வருத்தத்தோடு பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, "எஸ் சார். ஐ டுக் இட். ஹீ டோன்ட் நோ. மை மிஸ்டேக்" என்றார். மகள் வாயைத் திறந்தாள். "பட் அப்பா, யூ ஸெட்..." என்று அவள் தொடங்கியதும் மாமனார் அவள் தலையில் கை வைத்தார். அவள் நிறுத்திக்கொண்டாள். அதிகாரி அபராத டிக்கெட்டை அவர் பெயரில் எழுதினார். எத்தனையோ பேரைக் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டிய மனிதர், தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வலைக்குள் இன்னும் துடித்துக்கொண்டிருந்த கெண்டையைக் குனிந்து தானே தண்ணீருக்குள் விட்டார். அது கொஞ்ச நேரம் கரை ஓரத்திலேயே நின்றுவிட்டுப் போனது.

காரில் வரும்போது அவர் பின்சீட்டில் இருந்த பேத்தியிடம், "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத கண்ணு. தாத்தாதான் எடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

டிக்கெட் மேஜைமேல் கிடந்தது. மனைவி வேலையிலிருந்து வந்து அதைப் படித்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "ஏம்ப்பா, அவரு கார்டைக் கேக்காம எதுக்கு எடுத்தீங்க? ஊர்ல ஊருக்கே ரூல்ஸ் பேசுவீங்கல்ல? இங்க அவருக்குக் கிரீன் கார்டு போயிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று சத்தம் போட்டாள். அம்மா இறந்தபிறகு அவள் அவரிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. அவர் சமையலறை வாசலில் நின்றபடி, "தப்புத்தான் சாமி. தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். எனக்கு வாயில் சோறு இருந்தது. முழுங்கினேன். அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். ரசம் என்று நினைவிருக்கிறது. அந்த மனிதரை நடுவீட்டில் நிற்க வைத்து என் குற்றத்துக்குத் திட்டு வாங்க விட்டுவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மறுநாள் காலையில் அவர் பாஸ்போர்ட்டை எடுத்து அவர் பெயரிலேயே ஒரு லைசென்ஸ் எடுத்தேன். டிரவுட்டுக்கான தனி அனுமதியும் சேர்த்தேன். மொத்தம் எட்டு நிமிடம் ஆனது. அச்செடுத்து, அதே பிளாஸ்டிக் உறையில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். எழுத்தெழுத்தாகப் படித்தார். "எல்லாம் சரியா இருக்குதுங்க" என்றார். வாசல் கதவுக் கொக்கியில் மாட்டினார். அதன்பிறகு ஒரு நாள்கூட ஏரிக்குப் போகவில்லை. மறுபடியும் ஜன்னல், நாற்காலி, கார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மே மாதம், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு மாத விசாவில் மூன்றாவது மாதமே கிளம்பிவிட்டார். அதற்குள் எனக்குக் கிரீன் கார்டு வந்திருந்தது. விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "கார்டு நல்லபடியா வந்ததில சந்தோசமுங்க மாப்பிள்ளை" என்றார். குத்திச் சொல்லவில்லை. குத்திச் சொல்லத் தெரிந்தவராக இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அதன்பிறகு அவர் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறார். ஏப்ரல் வந்தால், "ஏரியில மீன் விட்டாச்சுங்களா?" என்று கேட்பார். விட்டாச்சுங்க மாமா என்பேன். பிறகு பேத்தியைக் கூப்பிடச் சொல்வார். சொல்லியிருக்கலாம். ஏழு வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். கிரீன் கார்டு பர்ஸில் இருக்கிறது. இனி யாரும் அதைப் பிடுங்கிவிடப் போவதில்லை. பயம் போனபிறகும் நான் வாயைத் திறக்கவில்லை என்றால், அன்று பயத்தில் சொல்லிவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த ஏப்ரலில் மகளுக்குப் பதினாறு வயது முடிந்தது. இங்கே பதினாறிலிருந்து தனி லைசென்ஸ் வேண்டும். பள்ளித் தோழிகளோடு அந்தப் பழைய ஏரிக்கே மீன் பிடிக்கப் போகிறாளாம். லேப்டாப்பில் அவளே நிரப்பினாள், அவளே அச்செடுத்தாள். கொக்கியிலிருந்து உறையை எடுத்து வந்து சமையலறையில் நின்றாள். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, கேலியாக, "உன் பேர்லதான வாங்கியிருக்கிற? உங்க தாத்தா மாதிரி அப்பாவோடதை எடுத்துட்டுப் போயி மாட்டிக்காத" என்றாள்.

மகள் என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதில் தாத்தா தலையில் வைத்த கைக்காக ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த பெண் அவள். இப்போதும் அவளாகச் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்தது. காத்திருந்தாள்.

"மாமா எடுக்கல. நான்தான் அவர் கழுத்துல மாட்டி விட்டேன். குடும்பத்துக்கு ஒண்ணு போதும்னு பொய் சொன்னேன். ஆபீஸர் கேட்டப்ப தெரியாதுன்னுட்டேன்."

மனைவியின் கத்தி நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அன்னிக்கு நான் அப்பாவை நிக்க வெச்சுத் திட்டினனே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான். சாப்பிட்டுட்டு இருந்தேன்."

அவள் கையைக் கழுவினாள், போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கரூரில் அப்போது சாயங்காலம். கதவைச் சாத்திக்கொண்டதால் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. "அப்பா" என்று அவள் கூப்பிட்டது மட்டும் கேட்டது. மகள் உறையிலிருந்து தாத்தாவின் காகிதத்தை மடிப்புக் கலையாமல் எடுத்து என் முன்னால் வைத்தாள். தன்னுடையதை உள்ளே வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள். நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொக்கி காலியாகத் தொங்குகிற கதவைப் பார்த்தபடி, உள்ளேயிருந்து யாராவது என்னைக் கூப்பிடுவார்களா என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.