வேடிக்கைக்கு ஓடியவள்

மலாயாவில் ரெங்கத்துக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் ஒரு தடவைகூடத் தோற்காமல் ஓடியவள் கருப்பாயி. அந்தத் தோட்டத்தின் நல்ல ஓட்டக்காரர்கள் யார் யார் என்று கேட்டால் எவனும் அவள் பெயரைச் சொல்ல மாட்டான். சொல்லாதது அவளுக்குப் பெரிதில்லை. அவள் பெயரை எடுத்தாலே ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அதுதான் அவளுக்குப் பொறுக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் புருஷனோடும் அவன் தம்பி லெட்சுமணனோடும் கப்பலில் வந்து இறங்கினாள். லெட்சுமணனுக்கு அப்போது பத்து வயது. வந்த ஆறாம் வருடம் புருஷனைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோயிற்று. கைக்குழந்தை செல்வராணியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கொழுந்தனுக்குச் சோறு வைத்துவிட்டு, விடிவதற்குள் மரம் சீவப் போவாள். சீவிய பாலை இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் மாட்டி, தோளில் ஏற்றி, ஒன்றரை மைல் நடந்து ஸ்டோரில் சேர்ப்பாள். வழியில் ஒரு சொட்டுச் சிந்தாது. அந்த நடையைப் பார்த்துத்தான், புருஷன் இருந்தபோதே, வந்த மூன்றாம் வருடம் அவளை விளையாட்டு விழாவில் நிறுத்தியிருந்தார்கள்.

வருடா வருடம் மன்னர் பிறந்தநாளுக்கு விழா நடக்கும். ஆண்களுக்கு ஒரு மைல் ஓட்டம், கயிறு இழுத்தல், உயரம் தாண்டுதல். கடைசியில் பரிசளிப்புக்கு முன்னால் பெண்களின் வாளி ஓட்டம். வாளி நிறையத் தண்ணீர். ஓடி முடிக்கிற இடத்தில் காலையிலிருந்தே தண்ணீர் விட்டுச் செம்மண்ணைக் குழம்பாக்கி வைத்திருப்பார்கள். அங்கேதான் துரைமார் கூடாரம். பெண்கள் ஓடிவந்து அந்தச் சேற்றில் கால் வைத்ததும் வழுக்கி, வாளி ஒரு பக்கம் கம்பு ஒரு பக்கமாய் விழுவார்கள். நனைந்த சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் பத்து பாஹாட் டவுனிலிருந்து வந்த துரை ஒருவர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டார்.

கருப்பாயி மட்டும் விழவே மாட்டாள். கட்டைவிரலைச் சேற்றில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, இடுப்பை ஆட்டாமல் போய்க் கயிற்றைத் தொடுவாள். பரிசு ஒரு சேலைத் துண்டும் நான்கு சோப்பும்.

பத்தாவது வருடம் அவளுடைய லயத்துக்காரி, அடுத்த வீட்டு ராசம்மாவும் ஓடினாள். ராசம்மா அப்போது நான்கு மாதம். சேற்றில் குப்புற விழுந்தாள். கூடாரத்தில் எழுந்த சிரிப்பு முன்னால் போன கருப்பாயியின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். ‘போட்டியில் ஒருத்தி குறைந்தாள்’ என்று ஒரு கணம் மனசுக்குள் சந்தோஷம்கூட வந்தது. பத்து நாள் கழித்து ராசம்மாவுக்குக் கரு கலைந்தது. விழுந்ததாலா, வேறு எதனாலா என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை. அந்த ஒரு கணத்துச் சந்தோஷத்தை நினைத்தால் கருப்பாயிக்குத் தன் வாயைத் தானே கழுவ வேண்டும்போல் இருக்கும்.

அடுத்த வருடமும் ராசம்மா வரிசையில் வந்து நின்றாள்.

"ஏண்டி, உனக்குப் புத்தி இல்லையா?" என்றாள் கருப்பாயி.

"ரெண்டாவது வந்தாலும் ரெண்டு சோப்பு குடுக்குறாங்கக்கா."

அதற்குள் லெட்சுமணன் பெரிய ஓட்டக்காரனாகியிருந்தான். ஒரு மைல் ஓட்டத்தில் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் அவனை அடிக்க ஆளில்லை. அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சிவசம்பு. யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. சிங்கப்பூர்ப் பேப்பரில் வரும் ஓட்டப் பந்தயச் செய்திகளை வெட்டி ஒரு தடித்த நோட்டில் ஒட்டி வைப்பார். இந்தக் காலத்து ஓட்டக்காரர்களைப்போல் முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை என்பது அவர் கட்சி.

"நூறு வருசம் போனாலும் சனம் இவன்ர பேரைச் சொல்லும்," என்று லெட்சுமணன் தோளில் தட்டுவார். "எழுதி வச்சுக்கொள்ளுங்கோ."

கள்ளுக்கடையிலும் அதே பேச்சு. இவனைப்போல ஒருத்தன் பிறக்கவே இல்லை என்று ஒருவன் சொல்வான். மற்றவன் மேசையைக் குத்தி ஆமோதிப்பான். அந்தக் கடையின் வாசலிலேயே அய்யாவு குந்தியிருப்பான். லெட்சுமணனுக்கு முன்னால் ஆறு வருடம் அதே ஒரு மைலை ஜெயித்தவன் அய்யாவு. அப்போதும் இதே வாய்கள் இதே வார்த்தையைச் சொன்னதைக் கருப்பாயி காதாரக் கேட்டிருக்கிறாள். இப்போது அவன் லயத்துக் கக்கூஸ் வாளி தூக்குகிறான். உள்ளே வந்தால் நாற்றம் என்று வெளியிலேயே சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் அந்த ஒரு மைல் என்பது கயிறு போட்டு அளந்த மைல். மழையில் நனைந்த வருடம் கயிறு சுருங்கும், மைலும் சுருங்கும். அந்த வருடம் பார்த்து லெட்சுமணன் பழைய கணக்கையெல்லாம் முறியடித்துவிட்டான் என்று கிராணி குதித்தார். கயிற்றின் கதை கருப்பாயிக்குத் தெரியும். கொழுந்தனுக்குத் துரை வீட்டிலிருந்து முட்டையும் பாலும் வந்துகொண்டிருந்தன. வெட்டுக்காட்டு வேலையும் பாதியாகக் குறைந்திருந்தது. நாலு எலும்பில் சதை பிடிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

முப்பத்தொன்றாம் வருடம் விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கிராணி ஆபீஸ் சுவரில் ஒரு பலகை மாட்டினார். தோட்டத்தின் தலைசிறந்த விளையாட்டு வீரர்கள் என்று மேலே பெரிய எழுத்து. கீழே ஒன்பது பெயர். செல்வராணி எழுத்துக்கூட்டி அம்மாவுக்கு வாசித்தாள். முதலில் லெட்சுமணன். அய்யாவு இல்லை.

பேர் கொடுக்க வந்த கருப்பாயி பலகையைக் காட்டிக் கேட்டாள்: "கிராணி ஐயா, பன்னெண்டு வருசம் நான் ஓடிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவகூட தோத்ததில்ல. எம்பேரு எங்கங்க?"

கிராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, உண்மையாகவே அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.

"அது ஓட்டமே, கருப்பாயி? அது பகிடியெல்லோ?" என்றார்.

பக்கத்தில் நின்ற லெட்சுமணனும் சிரித்தான். "அண்ணி, சேத்துல விழுறத பாக்கத்தான் அத வச்சிருக்காங்க. நீங்க விழாததால துரைக்கே உங்கமேல வருத்தமாம்."

தான் சோறு போட்டு வளர்த்த பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தது. கருப்பாயி வெளியே வந்து காறித் துப்பினாள். அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் ராசம்மாவிடமும் மற்ற ஆறு பெண்களிடமும் பேசினாள். பேச்சு நீளவில்லை.

விழா அன்று விசில் ஊதியதும் எட்டுப் பேரும் நடந்தார்கள். ஸ்டோருக்குப் பால் கொண்டுபோகும் அதே நடை. கருப்பாயி முன்னே, மற்றவர்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தி. கூட்டம் கூவியது. கிராணி ஓரமாய் ஓடிவந்து, "ஓடுங்கோ! ஓடுங்கோடி!" என்று கத்தினார். சேறு வந்தது. ஒவ்வொருத்தியும் கட்டைவிரலை ஊன்றிப் பதறாமல் தாண்டினாள். ஒரு வாளியும் கவிழவில்லை. கூடாரத்துக்கு முன்னால் வாளிகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு எட்டுப் பேரும் லயத்துக்குப் போனார்கள். துரைசானிகள் நடுவிலேயே தேநீர் குடிக்க எழுந்துவிட்டார்கள்.

அந்த வருடம் பெண்களுக்குப் பரிசு கிடையாது என்று துரை சொல்லிவிட்டார். ராசம்மா நான்கு நாள் கருப்பாயியோடு பேசவில்லை.

முப்பத்துமூன்றில் தண்ணீர் ஓடும் கான் வெட்டும்போது லெட்சுமணனின் முழங்காலில் சங்கூலு மண்வெட்டி இறங்கியது. புண் ஆறியது, கால் மடங்கவில்லை. முட்டை நின்றது, பால் நின்றது. மறுவருடம் பலகையில் அவன் பெயர் இருந்த இடத்தில் புது வெள்ளை அடித்து அர்ச்சுனன் என்று எழுதியிருந்தார்கள். இருபது வயதுப் பையன். முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று கிராணி அவன் தோளைத் தட்டினார்.

லெட்சுமணன் அதைப் பார்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான்.

"என்னைய மறக்கவே மாட்டாங்கன்னு சொன்னாரு அண்ணி."

"அய்யாவுகிட்டயும் அதையேதான் சொன்னாரு. நீ அப்ப காதுல என்ன வச்சிருந்த?" என்றாள் கருப்பாயி. சொன்னபிறகு அவளுக்கே கசந்தது. கொழுந்தன்மேலும் அருவருப்பு, அவனை நம்பவைத்தவர்கள்மேலும் அருவருப்பு, இத்தனையும் பார்த்துக்கொண்டு அதே தோட்டத்தில் சோறு தின்கிற தன்மேலும் அருவருப்பு. சட்டியில் இருந்ததை அவனுக்குப் போட்டுவிட்டுப் பட்டினியாகப் படுத்தாள்.

முப்பத்தைந்தில் விழாவைப் பெரிதாக நடத்தினார்கள். வாளி ஓட்டம் போய்ப் பெண்களுக்கு வேறு ஒன்று வைத்திருந்தார்கள். உயரே கட்டிய கயிற்றில் வெல்லப்பாகில் முக்கிய ரொட்டிகள் தொங்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எம்பி எம்பி வாயால் கவ்வித் தின்ன வேண்டும். முதலில் முடிப்பவளுக்குச் சோப்பும் கண்ணாடி வளையலும்.

கருப்பாயி அந்தப் பக்கம் போகவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம் ராசம்மா மகன் வந்து, "செல்வராணியும் நிக்குது," என்றான்.

ஈரக் கையோடு ஓடினாள். வாளி தூக்கி ஓடிய பன்னிரண்டு வருடத்திலும் அப்படி ஒரு ஓட்டம் ஓடியதில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை. கயிற்றடியில் ஒன்பது பெண்கள். பதின்மூன்று வயது செல்வராணி நடுவில். முகமெல்லாம் பாகு, மூக்கிலும் கண்ணிமையிலும் ஈ. வாயைத் திறந்துகொண்டு எம்புகிறாள். கயிற்றைப் பிடித்திருந்தவன் ரொட்டியை மேலே இழுக்கிறான். கூடாரம் சிரிக்கிறது. பிள்ளையும் சிரிக்கிறாள்.

கருப்பாயி கூட்டத்தைப் பிளந்து உள்ளே போய் மகளின் கைக்கட்டை அவிழ்த்தாள்.

"போட்டி நடக்குது, கருப்பாயி! வெளிய போ!" என்று கிராணி கத்தினார்.

"ஒங்க போட்டியில கொள்ளிய வைக்க!" என்றாள். கூடாரத்துக்கு நேர் எதிரே குனிந்து, காலையில் குடித்த கஞ்சியை வாந்தியெடுத்தாள். ஒரு துரைசானி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். ஆண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மற்ற எட்டுப் பெண்களும் ரொட்டிக்கு எம்பிக்கொண்டேதான் இருந்தார்கள்.

வேலை போனது. லாபிஸ் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அடுத்த வாரமே மூவரும் மூட்டை கட்டினார்கள். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது லெட்சுமணன் விறைத்த காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். வழியில் அர்ச்சுனன் சைக்கிளில் எதிரே வந்தான். லெட்சுமணனைத் தெரியாததுபோல் கடந்து போனான்.

ரயில் வந்து ஏறி உட்கார்ந்தபிறகுதான் செல்வராணி வாயைத் திறந்தாள்.

"இன்னும் ஒரு வாய்தான் பாக்கி இருந்திச்சு. வளையல் எனக்குத்தான் கெடைச்சிருக்கும்."

கருப்பாயி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லாபிஸ் வரும்வரை மகள் அழுதுகொண்டே வந்தாள்.