கேட்டுக்கு எதிரே ஒரு பந்தல்

கவரைப்பேட்டை ஸ்டேஷன் அருகே இன்று ஒரு லாரியிலிருந்து நனைந்த தார்ப்பாய் வாசம் வந்ததும், இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிற இடத்தில், அப்பாவையும் அவர் கூட்டாளிகளையும் வேலையை விட்டு நிறுத்திய கம்பெனியின் கேட்டுக்கு எதிரே நின்றிருந்த போராட்டப் பந்தல் நினைவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் யூனியன் வக்கீல் கோர்ட்டிலிருந்து ரயிலேறி நேரே அங்கேதான் வருவார். அவர் டீ குடித்து முடிக்கும்வரை கேஸ் என்னவாயிற்று என்று யாரும் கேட்கமாட்டார்கள், தலைக்குமேல் தார்ப்பாய் படபடப்பது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவர் எம்.பி. தேர்தலில் நின்றபோது அப்பா ஊர் ஊராகப் போய்ப் போஸ்டர் ஒட்டினார்.

"அவரு ஜெயிச்சி டெல்லிக்குப் போய்ட்டா உன் கேஸை யாருய்யா பாக்கறது? நீயே பசை தடவி அனுப்பிவுடு," என்றாள் அம்மா.

"இன்னாடி நீ, அவரை நம்ம ஒரு கேட்டுக்கே கட்டிவெச்சிக்கினு இருக்க முடியுமா? நாட்டுல எத்தினி கேட்டு கீது!"

அவர் ஜெயித்தார். பந்தல் முன்னால் சரவெடி கொளுத்தியது அப்பாதான். பிறகு வேறு வக்கீல்கள் வந்தார்கள், வாய்தாக்களும் வந்தன. பந்தலைப் பிரித்த அன்றும் கேஸ் முடியவில்லை, அப்பா அந்தக் கேட்டுக்குள் மறுபடி போகவும் இல்லை. டெல்லியில் அவர் தொழிலாளர்களுக்காகப் பேசுவது டிவியில் வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.